அம்மாவின் பாதமும் பாலியில் ஒரு ஸ்பா முன்பதிவும்

சுற்றுலாத் திட்டத்தில் ஸ்பாவுக்குக் கிடைப்பது எப்போதும் கடைசி வரிதான். விமானச் சீட்டு, விடுதி, கோயில்கள், படகுப் பயணம் என எல்லாம் முடிவான பிறகு, ஊர் திரும்பும் நாளில் அறையைக் காலி செய்வதற்கும் விமான நிலையத்துக்குக் கிளம்புவதற்கும் நடுவே மிஞ்சும் நேரத்தில் "முடிந்தால் மசாஜ்" என்று எழுதி வைக்கிறோம். அந்த நேரத்தில் எந்த இடம் காலியாக இருக்கிறதோ, எதன் படம் கண்ணுக்கு அழகாக இருக்கிறதோ, அங்கே பணத்தைக் கட்டிவிடுகிறோம். முன்பின் அறியாத ஒருவரிடம் இரண்டு மணி நேரம் நம் உடம்பை ஒப்படைக்கப் போகிறோம் என்பதை யாரும் நின்று யோசிப்பதாகத் தெரியவில்லை. பல் பிடுங்கப் போகும் இடத்தில்கூடச் சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறார்கள், நாமும் ஒளிக்காமல் சொல்கிறோம். ஸ்பா என்றதும் மட்டும் அந்தக் கவனம் ஏன் கைவிட்டுப் போகிறது என்ற கேள்வி எனக்குள் வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் அம்மாவைப் பாலித் தீவுக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்தபோது, அதற்கு நானே விடை தேட வேண்டிய கட்டாயம் வந்தது.

கேளிக்கை வரிசையில்

முதல் எதிர்ப்பு தம்பியிடமிருந்து வந்தது. "அம்மாவுக்கு எதுக்குக்கா ஸ்பா? அதெல்லாம் பொழுதுபோக்கு. அந்தக் காசுக்கு இன்னொரு நாள் கூடத் தங்கலாம்" என்றான். அவன் சொன்னதில் கஞ்சத்தனம் எதுவும் இல்லை. ஸ்பா என்பது நடனம், மது, இரவு வாழ்க்கை ஆகியவற்றின் வரிசையில் வரும் ஒன்று என்பதுதான் நம்மில் பெரும்பாலோருடைய எண்ணம்.

இந்தோனேசிய அரசே அப்படி எண்ணிய காலம் ஒன்று உண்டு. மத்திய அரசுக்கும் வட்டார அரசுகளுக்கும் இடையிலான நிதி உறவு பற்றி அங்கே 2022ஆம் ஆண்டில் வந்த சட்டம், டிஸ்கோ, கரோக்கி, இரவு விடுதி, மதுக்கூடம் ஆகியவற்றோடு நீராவிக் குளியலையும் ஸ்பாவையும் சேர்த்து நிறுத்தி, 40 முதல் 75 சதவீதம் வரை வரி விதிக்க வழி செய்தது. 2024 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்த வேளையில் பாலியின் ஸ்பா தொழிலில் இருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். வரிச்சுமை ஒருபுறம் இருக்க, தலைமுறை தலைமுறையாக வீட்டுப் பெண்கள் அரைத்துப் பூசிய மருந்தையும் பிடித்துவிட்ட கையையும் இரவு விடுதிக் கணக்கில் எழுதிவிட்டார்களே என்ற வருத்தமும் அதில் இருந்தது. வழக்கு அரசமைப்பு நீதிமன்றம் வரை போயிற்று. அந்தச் சட்டத்தில் வரும் ஸ்பாவை மரபுவழி உடல்நலச் சேவையின் ஒரு பகுதியாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரி 3 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பு பற்றிய செய்தியைத் தம்பிக்கு அனுப்பிவைத்தேன். அவன் வாயை அடைப்பது என் நோக்கமில்லை. என் மனத்தில் குழம்பிக் கிடந்த ஒன்றை அது தெளிவாக்கியது. ஸ்பா கேளிக்கை என்றால் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனால் போதும். அது உடல்நலச் சேவை என்றால், சேவை செய்பவர் சிலவற்றைக் கேட்டாக வேண்டும், நாமும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். முன்பதிவு என்பது அந்த உரையாடல்தான் என்று எனக்குத் தோன்றியது. எந்த நாள், எந்த நேரம், எந்தச் சிகிச்சை, எந்த இடம் என்பதெல்லாம் அந்த உரையாடலிலிருந்து வர வேண்டியவை.

பட்டியலும் நாட்காட்டியும்

பாலியில் ஸ்பாவுக்குப் பஞ்சமில்லை. தெருவோரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று ஒன்றரை இலட்சம் ரூபியா வாங்கும் சிறிய இடங்களிலிருந்து, அதே ஒரு மணி நேரத்துக்குப் பத்து இலட்சத்துக்கும் மேல் கேட்கும் ரிசார்ட் ஸ்பாக்கள் வரை இருக்கின்றன. பெரிய இடங்களின் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருந்தால், வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று பொருள். இரண்டும் சேர்ந்து வழக்கமாக 21 சதவீதம் வரை ஏறும். இதைவிடக் கவனிக்க வேண்டியது நிமிடக் கணக்கு. "120 நிமிடம்" என்று எழுதியிருக்கும் தொகுப்பில் கால் கழுவுவது, உடலில் பூச்சு, அது உலரும் நேரம், குளியல், கடைசியில் இஞ்சித் தேநீர் வரை எல்லாம் அடக்கம். கை உடம்பில் படும் நேரம் எவ்வளவு என்று கேட்டால், நல்ல இடங்கள் தயங்காமல் பதில் சொல்கின்றன.

சிகிச்சைகளின் பெயர்களில் மயங்காமல் அவற்றின் செய்முறையைப் படிப்பது நல்லது. லூலூர் என்பது ஜாவாவின் அரண்மனைகளிலிருந்து வந்தது, மணப்பெண்களுக்குச் செய்வது. மஞ்சள், சந்தனம், அரிசி மாவு ஆகியவற்றைக் குழைத்துப் பூசித் தேய்த்தெடுத்த பிறகு தயிர் தடவுவார்கள். போரே பாலியின் உழவர் வீடுகளுக்கு உரியது. நாள் முழுவதும் சேற்றில் நின்று நடவு செய்தவர்களின் உடம்பில் சூடு ஏறவும் மூட்டு வலி தணியவும் கிராம்பு, இஞ்சி, பட்டை போன்றவற்றை அரிசியோடு அரைத்துப் பூசினார்கள். அது உண்மையிலேயே தோலில் காந்தும். பாலி மசாஜ் எண்ணெய் தடவிச் செய்வது. நீளமாக இழுத்துவிடுவதும், பெருவிரலால் அழுத்துவதும், தோலை மடித்து உருட்டுவதும் மாறிமாறி வரும். இவற்றில் எது யாருக்கு ஏற்றது என்பதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. எல்லாமே எல்லோருக்கும் "புத்துணர்ச்சி" தரும் என்றுதான் எழுதியிருக்கிறது.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கதை. தேய்த்தெடுத்த தோலில் வெயில் சீக்கிரம் சுடும், ஆகவே கடற்கரைக்குப் போகும் நாளுக்கு முன்பு பூச்சு வேண்டாம். எலுமிச்சை வகை எண்ணெய்கள் சில, தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் புண்ணாக்கிவிடும். ஏற்கெனவே வெயிலில் வெந்த தோலில் யாரும் கை வைக்கவே கூடாது. ஆழ்கடல் முக்குளிப்பு முடித்த அன்று அழுத்தமான மசாஜ் செய்துகொண்டால், பிறகு வரும் வலி மசாஜால் வந்ததா, ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் உண்டானதால் வந்ததா என்று பிரித்தறிவது கடினமாகிவிடும். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கக்கூடும். அப்போது போக வேண்டிய இடம் மருத்துவமனை. உள்ளூர் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். பாலி இந்துக்கள் மௌனம் காக்கும் நேப்பி என்னும் புத்தாண்டு நாளில் காலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஆறு மணி வரை விமான நிலையம் உட்படத் தீவு முழுவதும் அடங்கிவிடும், தெருவில் இறங்கவே முடியாது. 210 நாளுக்கு ஒருமுறை வரும் கலுங்கான் பண்டிகையின்போது ஊழியர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவதால், அனுபவமுள்ள கைகள் கிடைப்பது அரிது.

படிவம்

இவ்வளவையும் பார்த்து இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து இரண்டுக்கும் எழுதினேன். ஒன்று ஊபுட் அருகே ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவில் அமைந்த, படங்களால் புகழ்பெற்ற இடம். மற்றொன்று சமதளத்தில், நெல்வயலை ஒட்டியிருந்த சிறிய இடம். முதல் இடத்திலிருந்து சில நொடிகளில் பணம் கட்டுவதற்கான இணைப்பு வந்தது, வேறெதுவும் வரவில்லை. அம்மாவின் வயது, இன்சுலின், முழங்கால் வலி எல்லாவற்றையும் விளக்கி எழுதிய பிறகும் அதே இணைப்புதான் திரும்ப வந்தது. இரண்டாவது இடம் ஒரு நாள் கழித்து ஒரு படிவத்தை அனுப்பியது. ரத்த அழுத்தம், சர்க்கரை, அண்மையில் செய்த அறுவைச் சிகிச்சை, ஒவ்வாமை, பெண் ஊழியர்தான் வேண்டுமா, அழுத்தம் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். அடியில் முன்னும் பின்னுமாக ஓர் உடலின் கோட்டுருவம் வரையப்பட்டிருந்தது. தொடக்கூடாத இடங்களை அதில் குறிக்கச் சொல்லியிருந்தார்கள்.

ஒரு மாலையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அதை நிரப்பினேன். பாதிக் கேள்விகளுக்கு அம்மா சுருக்கமாகப் பதில் சொன்னார். பெண் ஊழியர்தானா என்ற கேள்வி வந்ததும் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைத் தானாகக் கேட்க வேண்டுமே என்று அவர் தயங்கிக்கொண்டிருந்திருக்கிறார். கோட்டுருவத்துக்கு வந்தபோது மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "காலைக் குறிச்சிடு" என்றார்.

"ஏம்மா, கால்தானே வலிக்குதுன்னு சொல்லுவே?"

"அது முழங்கால். நான் சொல்றது பாதத்தை. அவங்க பிடிச்சுவிட்டாலும் எனக்குத் தெரியப்போறதில்லை. வீணாத்தானே போகும்?"

தெரியாது என்றால் என்ன பொருள் என்று கேட்டேன். வீட்டில் யாருக்கும் சொல்லாத ஒன்றை, மழை வருகிறது என்பதைப் போன்ற சாதாரணக் குரலில் சொன்னார். செருப்புக் கழன்று போனாலும் தெரிவதில்லை, சில அடிகள் வெறுங்காலோடு நடந்த பிறகு தரையைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். இரவில் பஞ்சின்மேல் நடப்பதுபோல இருக்கிறது. "வயசானா எல்லாருக்கும் அப்படித்தான்" என்று முடித்துவிட்டார். மாதாமாதம் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போய்வருகிறவர் அவர். ரத்தத்தில் சர்க்கரையின் அளவை எல்லோரும் கேட்டோம், அவரும் சொன்னார். பாதத்தைப் பற்றி எவரும் கேட்டதில்லை, அதனால் அவர் சொன்னதுமில்லை. ஒரு விடுமுறைக்காக, கடல் கடந்து எங்கோ இருக்கும் ஒரு ஸ்பா அனுப்பிய வெற்றுக் கோட்டுருவம்தான் அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்டது. அந்த மாலையில் எனக்கு ஏற்பட்ட நடுக்கத்தையும் நன்றியையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த வாரமே மருத்துவரிடம் போனோம். அவர் ஒரு கைப்பிடியில் பொருத்திய மெல்லிய நைலான் இழையை எடுத்தார். அது வளையும்வரை தோலில் அழுத்தினால் சரியாகப் பத்து கிராம் விசை விழும். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, படுவது தெரிந்தால் "ஆமாம்" என்று சொல்லச் சொன்னார். வலது பெருவிரலின் அடியில் இழை வளைந்தது, அம்மா பேசவில்லை. பந்துபோல் இருக்கும் முன்பாதத்தில் வளைந்தது; பேசவில்லை. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பாதத்தின் உள்வளைவுக்கு வந்தபோதுதான் முதல் "ஆமாம்" வந்தது. தட்டினால் அதிரும் இசைக்கவையைத் தட்டி விரல் எலும்பின்மேல் வைத்தபோதும் அதே நிலைதான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாதத்தை இப்படிச் சோதிக்க வேண்டும் என்றார் மருத்துவர். பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. ஸ்பாவுக்குப் போவதையும் தடுக்கவில்லை, என்னென்ன கூடாது என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

மாற்றி எழுதிய பதிவு

அந்தச் சீட்டை வைத்துக்கொண்டுதான் முன்பதிவை முடித்தேன், இதில் எனக்கு மிகுந்த மனநிறைவு உண்டு. சூடுகல் சிகிச்சை வேண்டவே வேண்டாம். உணர்வு இல்லாத தோல் வெந்துபோனாலும் உடையவருக்குத் தெரியாது. கால் அமிழ்த்தும் நீர் உடல் வெப்பத்தைத் தாண்டக் கூடாது, அதை அம்மா அல்லாத வேறொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். குதிகாலைக் கல்லால் தேய்ப்பதோ நகத்தை வெட்டுவதோ கூடாது. இன்சுலின் போட்ட இடத்தை ஒட்டி மசாஜ் செய்தாலோ சூடு வைத்தாலோ மருந்து வேகமாக ரத்தத்தில் கலந்து சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும், ஆகவே வயிற்றைத் தொடக்கூடாது. இந்தக் கடைசிச் செய்தி நேரத்தையும் மாற்றிவிட்டது. நான் முதலில் கேட்டிருந்தது பதினொன்றரை மணி. இரண்டு மணி நேரச் சிகிச்சை என்றால் மதிய உணவு தள்ளிப்போகும். காலை உணவு முடிந்த பிறகு ஒன்பதரை மணிக்கு மாற்றிக்கொண்டோம். பாலியின் நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னால் இருப்பதால், போய் இறங்கியதும் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் உடம்பு பழக ஒரு நாள் விட்டு, அதற்குப் பிறகான நாளைக் குறித்தோம்.

பள்ளத்தாக்கு ஸ்பாவைப் பற்றிப் பிறகு விசாரித்தபோது, வரவேற்பறையிலிருந்து சிகிச்சை அறைக்குச் செங்குத்தான படிகளில் இறங்க வேண்டும் என்று தெரியவந்தது. மலர்க் குளியல் தொட்டியும் கல்லால் ஆனது, உயரமான விளிம்பைத் தாண்டிக் காலை வைக்க வேண்டும். பூவிதழ் மிதக்கும் அந்தத் தொட்டியின் படத்தைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் பதிவு செய்கிறார்கள். எண்ணெய் தடவிய காலோடு ஒரு முதியவர் அதில் ஏறி இறங்குவதைப் படம் காட்டாது. மலர்க் குளியலை நாங்கள் விட்டுவிட்டோம். அந்த நேரத்தைத் தோளுக்கும் முதுகுக்கும் கொடுத்துவிட முடியுமா என்று வயலோர ஸ்பாவைக் கேட்டதற்கு, முடியும் என்று உடனே ஒப்புக்கொண்டார்கள். தொகுப்பை உடைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறது.

அந்த முற்பகல்

வாசலில் தென்னங்குருத்தால் முடைந்த சிறு தட்டில் பூவும் ஊதுவத்தியும் வைத்திருந்தார்கள். பாலி வீடுகளிலும் கடைகளிலும் நாள்தோறும் வைக்கும் சானாங் படையல் அது. அம்மா அதை மிதிக்காமல் விலகிக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தார். எங்களை வரவேற்ற பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கலாம். அவர் கையில் நாங்கள் அனுப்பிய படிவத்தின் அச்சுப்பிரதி இருந்தது. பாதங்களைச் சுற்றி யாரோ சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள்.

பித்தளைத் தாம்பாளத்தில் நீரை ஊற்றி, முழங்கையை நனைத்துப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து நீரில் வைத்து, நான் தலையசைத்த பிறகே அம்மாவின் பாதத்தை எடுத்து உள்ளே வைத்தார். கழுவி முடித்ததும் மெல்லிய துணியால் ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித்தனியாக ஒற்றி எடுத்தார். ஈரம் தங்கினால் அங்கே புண் வரும் என்று மருத்துவர் எங்களிடம் சொல்லியிருந்ததை, அவர் சொல்லாமலே செய்துகொண்டிருந்தார். உடை மாற்றும் நேரம் வந்தபோது அம்மாவின் கை சேலை முந்தானையை இறுகப் பற்றியிருந்தது. அந்தப் பெண் சாரோங் துணியை இரு கைகளாலும் உயர்த்தித் திரைபோல் பிடித்துக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா தன் போக்கில் நேரமெடுத்துக்கொண்டார், யாரும் அவசரப்படுத்தவில்லை.

போரே விழுதை முதலில் முன்கையில் ஒரு பொட்டளவு வைத்துக் காத்திருந்தார்கள். எரியவில்லை என்று உறுதியான பிறகு முதுகிலும் தோளிலும் மட்டும் பூசினார்கள், இடுப்புக்குக் கீழே கொண்டுபோகவில்லை. அம்மா அந்தக் கிண்ணத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். "கிராம்பு தூக்கலா இருக்கு. சுக்கு இருக்கு. நம்ம வீட்டுல தலைவலிக்கு இழைச்சுப் போடுவோமே, அதேதான்" என்றார். அவருடைய அச்சம் கலைந்தது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அதன்பின் கேள்விகள் அவரிடமிருந்து வரத் தொடங்கின. எத்தனை வருடமாக இந்த வேலை, நாளுக்கு எத்தனை பேர், கை வலிக்காதா என்று கேட்டு, என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தன் பெருவிரல் மூட்டைக் காட்டினார். அது சற்றுத் தடித்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இப்போது விரலை மிச்சப்படுத்தி முன்கையால் அழுத்தப் பழகிக்கொண்டதாகச் சொன்னார். முன்பு மாலத்தீவில் வேலை பார்த்திருக்கிறார்; மாலத்தீவு, துருக்கி என்று பாலிப் பெண்கள் பலர் இந்தக் கைத்தொழிலோடுதான் கடல் கடந்து போகிறார்கள். அம்மா அந்த மூட்டைத் தொட்டுப் பார்த்து, வெந்நீரில் உப்புப் போட்டு வைக்கச் சொல் என்றார். வெளியே வந்தபோது, நான் எடுத்து வைத்திருந்த அன்பளிப்போடு தன் பணப்பையிலிருந்தும் சேர்த்து, கல்லாவில் கட்டாமல் நேரே அவர் கையில் கொடுத்தார்.

ஊர் திரும்பிய பிறகு பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார். குடும்பத்தோடு அவர்களும் பாலிக்குப் போகிறார்களாம், எந்த ஸ்பா நன்றாக இருக்கும், பெயரை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பு என்றார். பெயரை அனுப்பினேன். அதற்கு மேலே, இரத்த அழுத்தம் எவ்வளவு, என்னென்ன மாத்திரை, முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து எத்தனை மாதம், எங்கேயாவது மரத்துப்போன உணர்வு உண்டா என்ற கேள்விகளையும் வரிசையாக எழுதியிருந்தேன். வெகுநேரம் பதிலில்லை. இரவு ஒரு நீண்ட குரல்பதிவு வந்தது. முதல் கேள்வியில் தொடங்கி, இடது கை விரல்கள் விடியற்காலையில் மரத்துப்போவது வரை பெரியம்மா நிதானமாகச் சொல்லியிருந்தார். ஸ்பாவுக்கு எந்த நாள் என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்கு முன்பு, வரும் வெள்ளிக்கிழமை மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம்.